நிறுவனத்தின் அலட்சியத்தால் ஒருவர் இறந்தால்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் வழக்கறிஞர். என் அலுவலகம் சிவாஜிநகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. படியேறி வருபவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் உண்டு. மூன்று தலைமுறையாக அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருப்பவர்கள் உண்டு. ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களும் உண்டு. வேலையிடத்திலோ பொது இடத்திலோ வீட்டு மனிதர் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் எழுதி வைக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். தாள்களைப் பார்க்காமல் உங்கள் வழக்குக்கு யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.

கம்பெனி என்பது ஆளே இல்லையே. அதன் மேல் குற்ற வழக்குப் போட முடியுமா?

முடியும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 2-வது பிரிவு, "நபர்" என்ற சொல்லுக்குள் கம்பெனியையும் சங்கத்தையும் அடக்குகிறது. அது பதிவு செய்யப்பட்டதா இல்லையா என்பதுகூடப் பொருட்டில்லை. அதற்கு முன்பிருந்த, 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 11-வது பிரிவிலும் இதே வரிதான் இருந்தது. ஆகவே, "கம்பெனி மேலெல்லாம் எஃப்.ஐ.ஆர் போட முடியாது" என்று காவல் நிலையத்தில் யாராவது சொன்னால், நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த சந்தேகத்தை அவர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

நடுவில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது உண்மை. சிறைத்தண்டனை கட்டாயம் என்று சொல்லும் பிரிவுகளில் கம்பெனியை என்ன செய்வது? அதைக் கொண்டுபோய்ப் பரப்பன அக்ரஹாரத்தில் அடைக்க முடியாதே. அடைக்க முடியாது என்றால் வழக்கே கூடாது என்று கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். 2005-இல் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், வழக்கு நடக்கலாம், சிறைக்கு வழியில்லாத இடத்தில் அபராதம் விதிக்கலாம் என்று தீர்த்தது. குற்ற மனம் என்பது கம்பெனிக்கு எங்கிருந்து வரும் என்ற அடுத்த கேள்விக்கு 2010-இல் இரிடியம், மோட்டோரோலா நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் பதில் வந்தது: கம்பெனியை நடத்துகிறவர்களின் மனமே கம்பெனியின் மனம்.

எந்தப் பிரிவில் வழக்கு வரும்?

பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1). முன்யோசனையற்ற அல்லது அலட்சியமான செயலால் மரணம் விளைவித்தல்; ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த மரணம் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ. அதில் உச்சமே இரண்டாண்டுதான். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். "அன்று மாலையே வெளியே வந்துவிட்டானே" என்று குமுறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காவலர் காசு வாங்கிக்கொண்டு விட்டார் என்று எப்போதும் நினைக்க வேண்டியதில்லை; சட்டமே அப்படி.

அதற்கு மேற்படி 105, அதாவது கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல். உயிர் போகக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. ஜாமீன் எளிதில் கிடைக்காது. இந்தத் "தெரிந்தே" என்ற ஒற்றைச் சொல்லில்தான் பெரிய வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

தொழிலாளர் சட்டம் தனி வழி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 103-வது பிரிவின்படி, பாதுகாப்புக் கடமையை மீறியதால் தொழிலாளி இறந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை வாரிசுகளுக்குத் தரச்சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

சாதாரணக் கவனக்குறைவுக்கும் பெரும் அலட்சியத்துக்கும் கோடு எங்கே இருக்கிறது?

சட்டப் புத்தகத்தில் அளவுகோல் கிடையாது. 106-ஆம் பிரிவில் "பெரும்" என்ற சொல்லே இல்லை; நீதிமன்றங்கள்தான் அதைப் படித்துச் சேர்த்தன. நஷ்டஈட்டுக்குப் போதுமான கவனக்குறைவு சிறைக்குப் போதாது, குற்ற வழக்குக்கு அலட்சியம் மிக உயர்ந்த அளவில் இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மருத்துவர் ஒருவர் தொடர்பான வழக்கு. ஆனால் மற்ற வழக்குகளிலும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

நான் கட்சிக்காரர்களிடம் ஒரு பள்ளத்தைக் காட்டி விளக்குவேன். 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபுரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டினார்கள். பள்ளத்தின் ஆழம் மூன்று ஆள் உயரம். தோண்டிய மண்ணை வண்டி வைத்து அகற்றாமல் கரையிலேயே மலைபோலக் குவித்திருந்தார்கள். பக்கச் சுவருக்கு முட்டு கிடையாது. முந்தைய இரவெல்லாம் மழை. காலை ஒன்பது மணிக்குக் கரையோரம் ஜேசிபி ஓடிக்கொண்டிருக்க, கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்தது. தண்டராம்பட்டுக்காரர் ஒருவர் இறந்தார். முப்பது வயது.

ஒரு நாள் ஒரு முட்டுக் கழி வழுக்கி விழுந்திருந்தால் அது கவனக்குறைவு. முட்டே வாங்காமல் விட்டது வேறு. மண் பரிசோதனை அறிக்கையில் பக்கங்களுக்கு முட்டு தேவை என்று எழுதியிருந்தது. சைட் இன்ஜினீயர் பதினொரு நாள் முன்னதாக வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: இந்த மாதக் கணக்கில் இடமில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம். ஆபத்து தெரிந்தது, தவிர்க்கும் வழி தெரிந்தது, செலவைக் கணக்குப் போட்டுத் தள்ளிவைத்தார்கள். என்னைக் கேட்டால் கோடு அங்கேதான் இருக்கிறது.

ஏன் எப்போதும் மேஸ்திரியே மாட்டிக்கொள்கிறார்?

காவலர் வரும்போது அங்கே நின்றுகொண்டிருப்பவர் அவர்தான் என்பதால். பள்ளத்து வழக்கிலும் அப்படியே நடந்தது. எஃப்.ஐ.ஆரின் நகல் கன்னடத்தில் இருந்தது. இறந்தவரின் மனைவி அதை மடித்து, ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன். முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், மேஸ்திரி. இரண்டாவது ஜேசிபி ஓட்டுநர். மூன்றாவது யாரும் இல்லை. அந்த இடத்திலேயே பெரிய பொருள் கம்பெனியின் விளம்பரப் பலகை. நாற்பதடி அகலம், நீச்சல் குளத்தோடு படம் போட்டது. தாளில் அந்தப் பெயர் முகவரிக்காக ஒருமுறை வருகிறது, இன்ன கம்பெனியின் கட்டட இடத்தில் என்று. மேஸ்திரி யார் தெரியுமா? இறந்தவரின் தாய்மாமன். கையாலேயே மண்ணைத் தோண்டி உடலை வெளியே எடுத்தவர் அவர். "என் மாமாவை ஜெயிலில் போட்டு எனக்கு என்ன சார் ஆகப்போகிறது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

காவலர்களின் சோம்பலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1960-களின் நடுவில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரங்கவாலா வழக்கைப் பாருங்கள். பம்பாயில் ஒரு பெயிண்ட் தயாரிக்கும் இடம். டர்பன்டைனும் வார்னிஷும் அடுக்கிய அதே அறையில் அடுப்பு மூட்டித் தாரை உருக்கினார்கள். அதற்கு உரிமமும் இல்லை. ஒரு தொழிலாளி சூடான தாரில் டர்பன்டைனை ஊற்ற, நுரை பொங்கித் தீப்பற்றி ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுப்பையும் டர்பன்டைனையும் ஒரே அறையில் வைத்த நிர்வாகி 304-ஏ குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். மரணத்துக்கு நேரடிக் காரணம் அவசரமாக ஊற்றிய கைதான், அறையை அமைத்த கை இல்லை என்பது தீர்ப்பு. தீயை அலட்சியமாகக் கையாண்டதற்கான சிறு குற்றம் மட்டும் அவர் மேல் நின்றது. அறுபது ஆண்டாகக் கம்பெனிகள் தரப்பில் இந்தத் தீர்ப்பை எடுத்து வைக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காத தீர்ப்பு. ஆனால் இதைத் தெரியாமல் நீதிமன்றத்துக்குள் போகாதீர்கள்.

அப்படியென்றால் முதலாளியையும் இயக்குநர்களையும் சேர்த்துவிடலாமே?

பதவியில் இருந்தார் என்பதற்காக மட்டும் சேர்க்க முடியாது. கம்பெனி குற்றவாளி என்றால் இயக்குநர்களும் தானாகவே குற்றவாளிகள் என்று சொல்லும் ஏற்பாடு பாரதிய நியாய சன்ஹிதாவில் கிடையாது. 2015-இல் சுனில் பாரதி மிட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அந்த நபரே முடிவெடுத்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கோபத்தில் நிர்வாகக் குழுவின் பன்னிரண்டு பெயரையும் புகாரில் எழுதினால், பன்னிரண்டு பேரும் உயர் நீதிமன்றம் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்பார்கள். அந்தத் தூசியில் உண்மையில் கையெழுத்துப் போட்டவரும் தப்பிப்பார். சில தனிச் சட்டங்களில் நிலை வேறு: பொறுப்பில் இருந்தவர் யார் என்பதைச் சட்டமே சுட்டிவிடும், தப்பிக்கும் சுமை அவர் தலையில்.

வெளிநாட்டில் இதற்குத் தனிச் சட்டம் உண்டாமே?

இங்கிலாந்தில் உண்டு. அது வந்த கதை நமக்கு நன்றாகப் புரியும்.

1987 மார்ச் 6. பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்திலிருந்து ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல் கார்களையும் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. முன்பக்கக் கதவு திறந்தே இருந்தது. மூட வேண்டிய ஊழியர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் புகுந்து, சில நிமிடங்களில் கப்பல் சாய்ந்து, 193 பேர் இறந்தார்கள். நம் ஊராக இருந்தால் கதை தூங்கியவரோடு முடிந்திருக்கும். அங்கே விசாரணை மேலே ஏறியது. கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட மேல்தளத்தில் ஒரு விளக்கு வையுங்கள் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள். அலுவலகம் அதை அலட்சியமாகத் தள்ளியிருந்தது. மேலிருந்து கீழ்வரை நிறுவனத்தையே மெத்தனம் என்ற நோய் பீடித்திருந்தது என்று விசாரணை அறிக்கை எழுதியது.

ஆனாலும் 1990-இல் கம்பெனி மேலான வழக்கு சரிந்தது. உச்சியில் இருக்கும் ஒரு மனிதரிடமே முழுக் குற்றமும் இருந்தாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். பத்து அறைகளில் நடந்த பத்து அலட்சியங்களைக் கூட்டிப் பார்க்க அது இடம் தரவில்லை. கம்பெனி எவ்வளவு பெரிதோ அவ்வளவு எளிதாகத் தப்பிக்கலாம். அங்கே முதன்முதலாக இந்தக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற கம்பெனி, மாணவர்களைச் சிறு படகில் கடலுக்கு அழைத்துப் போன ஒரு சின்ன நிறுவனம். 1993-இல் லைம் வளைகுடாவில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள், 1994-இல் தீர்ப்பு. நிர்வாக இயக்குநரே கிட்டத்தட்ட முழுக் கம்பெனி என்பதால் பிடிக்க முடிந்தது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2007-இல் சட்டம் இயற்றி 2008 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எந்த ஆள் என்று அது முதலில் கேட்பதில்லை. வேலையை நிர்வகித்த முறையால் மரணம் நேர்ந்ததா, அது கடமையிலிருந்து வெகுதூரம் தவறியதா, அதில் மேல்மட்ட நிர்வாகத்துக்குக் கணிசமான பங்கு உண்டா என்று பார்க்கிறது. அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. தன் குற்றத்தைத் தானே விளம்பரம் செய்யும்படியும் நிறுவனத்துக்கு உத்தரவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது, நாற்பதடிப் பலகைக்காரர்களுக்கு வேறெதுவும் உறைக்காது. அந்தச் சட்டத்தின் முதல் தண்டனை, 2011-இல், ஒரு பள்ளத்துக்குத்தான். காட்ஸ்வோல்ட் ஜியோடெக்னிக்கல் என்ற சிறு நிறுவனம், மண் ஆய்வுக்காகத் தோண்டிய முட்டு இல்லாத குழியில் சரிவு ஏற்பட்டு இளம் நிலவியலாளர் ஒருவர் இறந்தார். அபராதம் 3,85,000 பவுண்டு. அந்தக் கம்பெனியின் ஓராண்டு விற்றுமுதலைவிட அதிகம் அது. பத்தாண்டுத் தவணையில் கட்டச் சொன்னார்கள். குறையும் உண்டு. தனிமனிதர் யாரையும் அந்தச் சட்டத்தின் கீழ் சிறைக்கு அனுப்ப முடியாது. அதற்குப் பழைய சட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

நம் நாட்டில் பெரிய வழக்குகளில் என்ன நடந்தது?

போபால் விஷவாயுக் கசிவு: 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, ஆயிரக்கணக்கான உயிர்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கொலைக் குற்றமாகாத மரணம் என்பதிலிருந்து 304-ஏவுக்கு இறக்கியது. 2010 ஜூன் 7 அன்று போபால் நீதிமன்றம் ஏழு அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது, அன்றே ஜாமீன். எதிரியாக நின்ற யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்துக்கு அபராதம் ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய். கம்பெனியையும் தண்டிக்க முடியும் என்பதற்கு இந்த வழக்கே சான்று. தண்டித்து என்ன ஆகும் என்பதற்கும் இதுவே சான்று.

டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீ விபத்து: 1997 ஜூன் 13, 59 பேர். வெளியேறும் வழியை மறித்து இருக்கைகள் போட்டிருந்தார்கள். உரிமையாளர்களான அன்சல் சகோதரர்கள் குற்றவாளிகள் என்று உறுதியானது. 2015-இல் உச்ச நீதிமன்றம் மேற்கொண்டு சிறைக்குப் பதிலாக ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

அபராதத் தொகையில் இன்னொரு வேடிக்கை. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கக்கூடிய அபராதத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே வரம்பு உண்டு: 50,000 ரூபாய். 106(1) வழக்குகள் போகும் இடம் அதுதான். அதற்கு மேல் தண்டனை வேண்டும் என்று அவர் நினைத்தால் தலைமை நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். நூறு வீடு விற்கும் கம்பெனிக்கு 50,000 ரூபாய் என்பது மாதிரி வீட்டில் வைக்கும் சோபாவின் விலை.

போலீஸ் "யு.டி.ஆர்" போட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். அது வழக்குதானே?

இல்லை. இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவு செய்து காரணத்தை விசாரிக்கும் ஏற்பாடு அது. நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. அதில் எதிரி என்று யாரும் கிடையாது. பல மரணங்கள் அங்கேயே தூங்கிவிடுகின்றன. பிணவறை வாசலில் நிற்கும்போது ஒரு கன்னடத் தாளை நீட்டுவார்கள்: "கையெழுத்துப் போட்டால் உடலைச் சீக்கிரம் கொடுத்துவிடுவார்கள்." அதில், இந்த மரணத்தில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று எழுதியிருக்கும். ஊருக்கு வண்டி பிடிக்க வேண்டும், வெயில் ஏறுகிறது, கம்பெனி ஆள் ஒருவர் பிஸ்கட்டும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை போடாதீர்கள். புகாரை எழுதிய பிறகு உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பவை சட்டத்திலேயே இருக்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம். மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்ய இப்போது காவல் துறைக்கு இடம் உண்டு. 106(1) அந்த வகைதான். 14 நாள் கழிந்தும் எதுவும் அசையவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பெங்களூர் மாநகருக்குள் கண்காணிப்பாளர் என்பதற்குப் பதில் துணை ஆணையர் என்று படித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் பெயரை வழக்குக்குள் எப்படிக் கொண்டுவருவது?

முதல் புகாரிலேயே எழுதுங்கள். "மேஸ்திரியின் கவனக்குறைவால்" என்று எழுத்தர் எழுத வந்தால் நிறுத்தி, இன்ன கம்பெனி பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததால் என்று எழுதச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் எச்.பி.ஆர் லேஅவுட் அருகே மெட்ரோ தூணின் கம்பிக்கூடு சாய்ந்து ஒரு தாயும் குழந்தையும் இறந்தபோது எஃப்.ஐ.ஆரில் ஒப்பந்தக் கம்பெனியின் பெயரே இருந்தது. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி விளையாட்டரங்க நெரிசலில் 11 பேர் இறந்த பிறகு, கப்பன் பார்க் காவல் நிலையம் கிரிக்கெட் அணி நிறுவனம், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், மாநிலக் கிரிக்கெட் சங்கம் ஆகியவற்றின் பெயரை எழுதி 105-ஆம் பிரிவையும் சேர்த்தது. யார் மேல் குற்றம் நிற்கும் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் மரணத்தில் முடிகிற காரியம், சர்ஜாபுரத்துப் பள்ளத்திலும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் தாள்கள். உடன் வேலை செய்தவர்களின் கைப்பேசியில் இருக்கும் படங்கள், வீடியோக்கள்தான் முதலில். இரண்டே நாளில் அந்த இடத்தைச் சமன் செய்துவிடுவார்கள். யாரிடம் கூலி வாங்கினார், எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்தது. நுழைவுப் பதிவேடு, தலைக்கவசம் கொடுத்ததாகக் கையெழுத்து வாங்கிய நோட்டு. இதற்கு முன் சிறு விபத்து நடந்ததா, யாராவது முறையிட்டார்களா. கம்பெனிக்கு ஆபத்து முன்பே தெரியும் என்பதைக் காட்டும் ஒரு குறுஞ்செய்தி, கண்ணால் கண்ட பத்துச் சாட்சிகளுக்குச் சமம். பள்ளத்து வழக்கில் அந்த வாட்ஸ்அப் வரியை எங்களுக்குக் கொடுத்தவர் சைட் இன்ஜினீயர்தான். வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போனபின் கொடுத்தார்.

குற்றப்பத்திரிகையில் கம்பெனி விடுபட்டால் ஆட்சேப மனுப் போடலாம். மேற்கொண்டு விசாரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சாட்சி விசாரணையில் புதிய எதிரி வெளிப்பட்டால் அப்போதும் சேர்க்கலாம். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் வழக்கறிஞரை நிறுத்தவும் உரிமை உண்டு.

நஷ்டஈடு வாங்கினால் வழக்கை விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி. 106-ஆம் பிரிவு, இரு தரப்பும் தாங்களே சமரசம் செய்து முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. இனிமேல் புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தாலும் வழக்கு தானாகச் சாகாது, பலவீனப்படும். பள்ளத்து வழக்கில் கம்பெனி 3 லட்சம் ரூபாய்க்குக் காசோலையோடு வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கு என்ன? மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98, சம்பளம் 15,000 என்றால் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம். யார் தப்பு என்று நிரூபிக்காமலே கிடைக்க வேண்டிய தொகை இது. 3 லட்சத்துக்கு மௌனத்தையும் சேர்த்து விலைபேசினார்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் இது பொருந்துமா?

ஒயிட்ஃபீல்டு நண்பர்கள் கொஞ்சம் பதற்றத்தோடு கேட்கும் கேள்வி. பொருந்தும். சங்கமும் "நபர்"தான். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது உங்களுக்கு நினைவிருக்கட்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்குவதை, மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவு தடை செய்கிறது. "ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டோமே" என்று ஒரு சங்கத்தின் செயலாளர் என்னிடம் சொன்னார். அந்த "மறைமுகமாகவோ" என்ற சொல் அவருக்காகவே எழுதப்பட்டது. தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் மயங்குவார். தூக்கப் போகிற இரண்டாமவரும் அங்கேயே விழுவார். இப்படிச் சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கூட்டக் குறிப்பில் "இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்யச் செலவு அதிகம், இந்த முறை ஆளை வைத்து முடித்துக்கொள்வோம்" என்று தீர்மானம் எழுதியிருந்தால், அந்தக் குறிப்பேடுதான் அரசுத் தரப்பின் முதல் ஆவணம்.

புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டா?

106(1)-க்கு ஐந்தாண்டு வரை தண்டனை என்பதால் காலக்கெடு இல்லை. பழைய 304-ஏவுக்கு மூன்றாண்டு. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள்.

எத்தனை ஆண்டு ஆகும்?

போபாலில் முதல் நீதிமன்றத் தீர்ப்புக்கே இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆனது. உப்ஹாரில் உச்ச நீதிமன்றம் வரை பதினெட்டு.

பள்ளத்து வழக்கு ஆனேக்கல் நீதிமன்றத்தில் இருக்கிறது. மேல் விசாரணைக்குப் பின் கம்பெனியும், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று எழுதிய அதிகாரியும் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். இருவரும் வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். அங்கே தடை உத்தரவு வாங்கி வைத்திருக்கிறார்கள். மேஸ்திரிக்கு அந்த வசதி கிடையாது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நிற்க வேண்டும். அவரும் அந்தப் பெண்ணும் தண்டராம்பட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், ஓசூரில் இறங்கி மாறுகிறார்கள். போன முறை வாசலில் பார்த்தேன். எதிரி, சாட்சிக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.